எழுத்தே இல்லாத படப் புத்தகம்: பேசத் தொடங்கிய மகளோடு சில மாதங்கள்

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன். பக்கத்துக்கு ஒரு நிழற்படம் மட்டும் இருக்கிற, எழுத்தே இல்லாத கெட்டி அட்டைப் புத்தகம். பல பதிப்பகங்கள் இந்த வகையில் புத்தகம் போடுகின்றன. எங்கள் வீட்டில் இருப்பது பெரியவர் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய சதுரம். நாய், செருப்பு, பந்து, சாவி, வாத்து, குடை, கரண்டி, நிலா என்று குழந்தை அன்றாடம் பார்க்கும் பொருள்கள். வெள்ளைப் பின்னணியில் படம், எதிர்ப்பக்கத்தில் வெறும் வண்ணம், கடைசியில் முகம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. கதை கிடையாது, பாட்டு கிடையாது, அமுக்குவதற்குப் பட்டன் கிடையாது.

மகளுக்கு ஒன்றேகால் வயதில் இது கையில் கிடைத்தது. இப்போது இரண்டை நெருங்குகிறாள். இடைப்பட்ட மாதங்களில் அவள் பேச்சு வளர்ந்ததை நான் பெரும்பாலும் இந்தப் புத்தகத்தின் மேல் குனிந்துதான் பார்த்தேன். அதனால் இந்த விமர்சனத்தில் புத்தகம் பாதி, அவள் பாதி.

ஆரம்பத்தில் விரல்தான் பேசியது. படத்தின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து, "ஊம்?" என்று குரலை மேலே தூக்கி என் முகத்தைப் பார்ப்பாள். நான் "நாய்" என்றால் திருப்தியாகி அடுத்த பக்கம். சொல்லாவிட்டால் விரலை எடுக்கவே மாட்டாள். ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் படத்தில் உள்ள பொருளைக் கையால் பிடித்து எடுக்கவே முயன்றார்கள். பத்தொன்பது மாதக் குழந்தைகளோ அதைச் சுட்டிக்காட்டினார்கள். படம் வேறு, பொருள் வேறு என்பதே ஒரு குழந்தை கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் என்பதை அதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அந்தக் கண்டுபிடிப்பை என் கண்முன்னே மகள் செய்தாள். செருப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வாசலுக்குப் போய் என் செருப்பில் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து படத்தின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து, "அப்பா தெப்பு" என்றாள்.

அவள் இரண்டு சொல்லைச் சேர்த்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. அந்தப் பக்கத்தில் செருப்பின் அச்சு இன்னும் துடைத்தும் போகவில்லை. அதற்காக ஒரு நட்சத்திரத்தையும் குறைக்க மாட்டேன்.

கொஞ்ச காலம் நாலு கால் உள்ள எல்லாமே அவளுக்கு "நாயி". தெருவில் போகும் மாடு நாயி, கம்பளத்தில் நெய்திருந்த மான் நாயி. நிலாப் பக்கத்தைத் திறந்தால் "பந்தூ". பேசத் தொடங்கும் குழந்தைகள் எல்லா மொழியிலும் இப்படிச் செய்கிறார்கள். கையிலிருக்கும் சொற்கள் கொஞ்சம், சொல்ல விரும்பும் பொருள்கள் நிறைய; இருப்பதை நீட்டிப் போர்த்திக்கொள்கிறார்கள். நான் "இல்ல, தப்பு" என்று சொன்னதில்லை. "ஆமா, பந்து மாதிரி உருண்டையா இருக்கு, நிலா" என்பேன். ஒருநாள் பந்துப் பக்கத்தையும் நிலாப் பக்கத்தையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்து, பெரிய முடிவெடுத்தவள்போல "நியா" என்றாள். அதன்பின் நிலா பந்தாகவே இல்லை. எழுத்தில்லாத, அசையாத புத்தகத்தில்தான் இப்படி முன்னும் பின்னும் போய் ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது அடுத்து வருவதுதான். கதை இல்லாததால் இதற்கு முதல் பக்கம் என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கத்தில் தொடங்குவது, எதைத் தாண்டுவது என்பதையெல்லாம் அவளே தீர்மானிக்கிறாள். தீர்மானிக்கக் கொடுத்தால் இத்தனை சின்ன ஆளுக்குள் இவ்வளவு பிடிவாதமும் ரசனையும் இருப்பது தெரிகிறது. செருப்புப் பக்கம்தான் எப்போதும் முதலில். சாவிப் பக்கம் வந்தால் படத்திலிருந்து இரண்டு விரலால் சாவியை "எடுத்து" அவள் அம்மாவிடம் நீட்டி, "அம்மா, இந்தா" என்பாள். அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாக வேண்டும், இல்லையென்றால் கை இறங்காது. குடை அவளுக்கு ஆகாது. காரணம் யாருக்கும் புரியவில்லை. அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டு, "வேணாம் வேணாம்" என்று உள்ளங்கையால் மூடி இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்புகிறாள். மழையில் நிஜக் குடையோடு போகும்போது எந்தக் கோபமும் இல்லை. படத்துக் குடையோடு மட்டும்தான் பகை. அவளுக்கென்று ஒரு கருத்து இருக்கிறது, அதை எனக்கு விளக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இதை நினைத்து நான் எவ்வளவு சந்தோஷப்படுகிறேன் என்று சொல்லி மாளாது.

கரண்டிப் பக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரண்டியை விரலால் கிள்ளி எடுத்து, கை சிந்தாமல் பிடித்தபடி, நாய்ப் பக்கம் வரை இன்னொரு கையால் திருப்பிக்கொண்டே போய் நாயின் வாயில் ஊட்டுகிறாள். "ஆ... ஆ..." என்று தன் வாயையும் திறக்கிறாள். மூன்று நான்கு வாய் ஊட்டியதும், "போதும்" என்று நாய் சார்பில் அவளே சொல்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் அவள் சொல்லும் அதே குரல், அதே தலையாட்டல். இல்லாத கரண்டியால் இல்லாத உணவை இன்னொருவருக்கு ஊட்டி, அவருக்கு வயிறு நிறைந்ததையும் கற்பனை செய்வது சாதாரணக் காரியம் இல்லை. அதைச் செய்ய அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டு அசையாத படங்கள்.

இதற்கு முன் வீட்டில் பேசும் புத்தகம் ஒன்று இருந்தது. பட்டனை அமுக்கினால் பெயர் சொல்லும், தொடர்ந்து ஒரு மெட்டு ஓடும். அவள் அதை விரும்பவில்லை என்று சொல்ல முடியாது; நன்றாகவே அமுக்கினாள். ஆனால் அது பேசிய நேரமெல்லாம் நாங்கள் பேசவில்லை. அவளும் பேசவில்லை. 2016இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் ஆன்னா சோசா என்பவரின் ஆய்வு வெளியானது. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகள் அவரவர் வீட்டிலேயே மூன்று வகைப் பொருள்களோடு விளையாடியதை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். மின்னணு பொம்மை இருந்தபோது பெரியவர்கள் பேசிய சொற்கள் குறைந்தன, குழந்தைக்குப் பதில் சொல்வதும் குறைந்தது. புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு மிகுதி. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எங்கள் கூடத்தில் நடந்ததை அப்படியே சொன்னது. இழுத்துத் தள்ளும் மடிப்புகளும் மேலெழும் படங்களும் உள்ள புத்தகங்கள் பற்றி 2010இல் டிலோச் குழுவினரே இன்னொரு ஆய்வு செய்தார்கள். அதில் அந்த வித்தைகள் நிறைந்த புத்தகத்தைவிட எளிய புத்தகத்திலிருந்தே சின்னக் குழந்தைகள் அதிகம் கற்றார்கள். கடையில் பளபளவென்று கண்ணை இழுப்பது அதுதான் என்றாலும், இந்த வயதுக்கு எளியதையே எடுங்கள்.

இந்தப் புத்தகம் தானாக எதையும் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையைத் தனியே உட்காரவைத்துக் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மூலையைச் சப்பிக்கொண்டிருக்கும். கூட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் முக்கியமானது. பெரியவர் படித்துக்கொண்டே போவதற்குப் பதிலாக, "வாத்து என்ன பண்ணுது?" என்பதுபோலக் கேட்டு, குழந்தை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொன்னால், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பேச்சு ஒரு மாதத்திலேயே தெளிவாக முன்னேறியது. எழுத்து இல்லாத புத்தகத்தில் படிக்க ஒன்றும் இல்லாததால் கேட்பதைத் தவிர வழியே இல்லை. "வாத்தூ" என்பாள். "ஆமா, மஞ்சள் வாத்து, தண்ணிக்குப் போகுது" என்பேன். கொஞ்சம் யோசித்து, பக்கத்தைத் திருப்பிவிட்டு, "வாத்து போச்சு" என்பாள். கேட்ட உடனே பதில் வராது. அந்த மௌனத்தில் நாம் குறுக்கிட்டுப் பதிலைச் சொல்லிவிட்டால் அவளுடைய முறை போய்விடும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் தேப் ராய் தன் வீட்டுக் கூரைகளில் கேமராவும் மைக்கும் பொருத்தி மகனின் ஆரம்ப ஆண்டுகளைப் பதிவு செய்தவர். 'காகா' என்று தொடங்கிய ஒலி அரை வருடத்தில் மெல்ல மெல்ல 'வாட்டர்' ஆனதை 2011இல் ஒரு மேடையில் ஒலிக்கவிட்டார். ஒரு சொல்லைக் குழந்தை சொல்லப் போகும் சமயத்தில் வீட்டுப் பெரியவர்கள் அறியாமலேயே அந்தச் சொல் வரும் வாக்கியங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள், சொல் பிடிபட்டதும் மறுபடி நீட்டுகிறார்கள் என்பது அவருடைய பதிவுகளில் தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்படி மைக் ஏதும் இல்லை. ஆனால் என் மனைவி நிலாவைப் பற்றிச் சொல்வதைக் கவனித்தால் இது உண்மை என்றே தோன்றுகிறது. முன்பு "நிலா. நிலா பாரு." இப்போது, "அந்த மேகத்துக்குப் பின்னாடி நிலா ஒளிஞ்சுக்கிச்சு பாத்தியா?"

தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. அட்டை நல்ல கனம், மூலைகள் வளைத்து வெட்டப்பட்டிருக்கின்றன, இத்தனை கடிக்கும் இழைகள் பிரியவில்லை. முதுகுப் பகுதியில் பின், கம்பி எதுவும் இல்லாமல் ஒட்டியிருக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். பொம்மையோ மணியோ ஒட்டிய புத்தகம் வாங்குவதாக இருந்தால், மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருள்களின் சிறு பாகங்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் கழன்று வரக்கூடாது. மேற்பூச்சு மட்டும் அளவுக்கு மீறிப் பளபளப்பு. இரவு விளக்கில் வெளிச்சம் படத்தின் மேல் அடித்து, நாயின் முகம் வெள்ளையாகிவிடுகிறது. சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மங்கலான பூச்சு போட்டிருக்கலாம். கண்ணாடி என்று ஒட்டியிருப்பது மெல்லிய தாள். சீக்கிரமே கீறல் விழுந்து முகம் கலங்கலாகத் தெரிகிறது. அவளுக்குக் கவலை இல்லை, "பாப்பா" என்று முத்தம் கொடுத்துவிட்டுத்தான் மூடுகிறாள். என்றாலும் இதைச் சரிசெய்வது பதிப்பகத்துக்குப் பெரிய வேலை இல்லை.

பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு இது மருந்தா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய பட்டியலில், பதினெட்டு மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல்வதும், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் பெரும்பாலான குழந்தைகள் எட்டும் நிலைகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. அதற்குப் பிந்தினால், அல்லது வந்த சொற்கள் மறைந்துபோனால், "தானா பேசும்" என்று காத்திராமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். புத்தகம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

ஒரே ஒரு உண்மையான குறை, இதில் முழுக்கப் பெயர்களே இருக்கின்றன. ஓடுபவர், குடிப்பவர், தூங்குபவர் யாரும் இல்லை. கண்ணாடியை விட்டால் மனித முகமே இல்லை. ஒன்றேகால் வயதுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது அவள் "அம்மா குளி", "நாயி ஓது", "நானே போதேன்" என்று செயல்களின் பக்கம் சாய்ந்துவிட்டாள். குழந்தைகள் ஓடுவதும், அழுவதும், தண்ணீர் ஊற்றுவதும், ஒளிவதும் உள்ள நிழற்படங்களோடு, இதேபோல எழுத்தில்லாமல், மங்கலான பூச்சில் ஒரு புத்தகம் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குடைப் படம் இல்லாததாகப் பார்த்துச் சொன்னால் மகளுக்கும் சம்மதமாக இருக்கும்.