ஸ்மாலா, எசெக்ஸா? கண்டுபிடிக்க எந்தக் கருவி தோது

ஜூலையில் தென் இங்கிலாந்தின் புல்வெளியில் நடந்தால், காலடியில் ஆரஞ்சு நிறப் பொடி வண்ணத்துப்பூச்சி ஒன்று விருட்டென்று எழும்பும். அது ஸ்மால் ஸ்கிப்பரா, எசெக்ஸ் ஸ்கிப்பரா என்பதில்தான் தகராறு. இறக்கையை விரித்தால் இரண்டும் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். நிறமும் ஒன்றே, உட்காரும் புல்லும் ஒன்றே. எசெக்ஸுக்கு ஐரோப்பாக் கண்டத்தில் 1808-லேயே அறிவியல் பெயர் வைத்தாகிவிட்டது. பிரிட்டனில் அது இருப்பதே 1889-ல்தான் தெரியவந்தது. வண்ணத்துப்பூச்சி சேகரிப்பதில் அத்தனை பேர் பித்தாக இருந்த நாட்டில் இந்தக் கூத்து!

அடையாளம் உணர்கொம்பின் நுனியில் இருக்கிறது, அதுவும் அடிப்பக்கத்தில். எசெக்ஸுக்கு மையில் தோய்த்தெடுத்ததுபோலக் கறுப்பு. ஸ்மாலுக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பு. மேலிருந்து பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம், ஸ்மாலின் நுனியும் மேல்பக்கம் கருத்துத் தெரியக்கூடும். பூச்சியின் முகத்துக்கு நேரே, புல் மட்டத்துக்குத் தலையை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

சரி, எதை வைத்துப் பார்ப்பது? வலையில் பிடித்துக் கண்ணாடிப் புட்டியில் விட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் இறக்கைச் செதில் உதிரும், இயற்கைக் காப்பகங்களில் அனுமதியும் கேட்க வேண்டியிருக்கும். எனக்கு அது கடைசி வழி.

பைனாகுலர் என்றால் பறவை பார்க்கிற சாதாரண ரகம் உதவாது. இரண்டு மீட்டருக்குள் வந்த பூச்சி பலவற்றில் மங்கிவிடும். பென்டாக்ஸ் பாப்பிலியோ என்ற பைனாகுலர் அரை மீட்டர் வரை தெளிவாகக் காட்டும். (பாப்பிலியோ என்றாலே இலத்தீனில் வண்ணத்துப்பூச்சிதான்.) பூச்சியைக் கலைக்காமல் நின்று நிதானமாகப் பார்க்க இதைவிடச் சுகமானது இல்லை. குறை ஒன்றுதான்: வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க எதுவும் கையில் இருக்காது.

அங்கேதான் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், அதாவது கிட்டப் போய்ப் பெரிதாகப் படமெடுக்கும் லென்ஸ், போட்ட கேமரா முந்துகிறது. அதற்கும் ஒரு வம்பு உண்டு. அத்தனை கிட்டத்தில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் தூரம், சில மில்லிமீட்டர்தான். இறக்கை பளிச்சென்று விழும், உணர்கொம்பு நுனி கலங்கிப்போகும். அழகான படம், அடையாளத்துக்கு உதவாத படம். ஆழம் கூட, லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, நுனியையே குறிவைத்து, கோணம் மாற்றி மாற்றி ஏழெட்டு எடுத்துவிட வேண்டும்.

வெயில் நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு கிட்டப் போனால் பூச்சி பறந்துவிடும். ஆனால் குளிர்ந்த காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் இவை புல் நுனியில் அசையாமல் தூங்கும். அப்போது போனே போதும். என்னைக் கேட்டால் உச்சி வெயிலில் கேமராவோடு துரத்துவதைவிட, ஏழு மணிக்குப் போனோடு போவது மேல்.

ஆணாக இருந்தால் மேலிருந்தே பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. முன்னிறக்கையின் கறுப்புக் கோடு ஸ்மாலுக்கு நீண்டு லேசாக வளைந்திருக்கும். எசெக்ஸுக்குக் குட்டையாக, இறக்கையின் முன்விளிம்புக்கு இணையாக நேரே ஓடும். பெண்ணுக்கு அந்தக் கோடே கிடையாது, மறுபடி முழங்கால் மண்ணில்தான். 1976 முதல் நடக்கும் பிரிட்டன் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பிலும் இரண்டையும் சேர்த்து ‘ஸ்மால்/எசெக்ஸ்’ என்று எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கனடாக்காரர்களுக்கு இந்த இரட்டையர் வழக்கு இல்லை. 1910 வாக்கில் கடல் தாண்டிப்போய் அங்கே குடியேறியது எசெக்ஸ் மட்டும். முதலில் தென்பட்ட ஊர், ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன்.