ஸ்விஃப்டுக்கு மலிவு விலையில் பெர்ஃபாமன்ஸ் பாகங்கள்: எதை எந்த ஆன்லைன் கடையில் வாங்குவது?

ஒரே இரிடியம் ஸ்பார்க் பிளக். பெரிய ஆன்லைன் சந்தையில் ஒரு விலை, ஸ்பேர்ஸ் மட்டும் விற்கும் தளத்தில் இன்னொரு விலை. இன்ஸ்டாகிராம் கடைக்காரரிடம் கேட்டால் இரண்டுக்கும் கீழே ஒரு விலை வரும், கூடவே "நாலும் சேர்த்து எடுத்தா இன்னும் பார்த்துப் பண்ணலாம் ப்ரோ" என்று ஒரு வாய்ஸ் மெசேஜும். படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றேதான்.

பேச்சு பொத்தாம்பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2018 முதல் 2024 வரை வந்த பெட்ரோல் ஸ்விஃப்ட்: 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. எந்தத் தெருவில் நின்றாலும் ஒன்று கண்ணில் படும் வண்டி என்பதால் உதிரிகளும் குவிந்து கிடக்கின்றன, டூப்ளிகேட்டும் அதற்குச் சளைக்காமல். கையில் இருப்பது இருபதாயிரம் ரூபாய்.

எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்க நினைப்பவர்தான் ஏமாறுகிறார் என்பது என் கணக்கு. போலியாக இருந்தால் பணம் மட்டும் போகும் பாகங்கள் உண்டு, எஞ்சினைக் கொண்டுபோகும் பாகங்கள் உண்டு, ஆளையே கொண்டுபோகும் பாகங்களும் உண்டு. முதல் வகைக்கு மலிவு தேடலாம். மூன்றாவது வகைக்கு விலையைப் பார்ப்பது கடைசி வேலை.

பெரிய சந்தைகள்: அமேசான், ஃபிளிப்கார்ட்

இவற்றின் பலம் விலை இல்லை, திருப்பி அனுப்பும் வசதி. பலவீனம், உங்களுக்கு விற்பது அந்தத் தளம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது. பக்கத்தில் சின்ன எழுத்தில் விற்பனையாளர் பெயர் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். நேற்று வரை மொபைல் கவர் விற்றவர் இன்று பிரேக் பேட் விற்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சரக்கு தளத்தின் கிடங்கிலிருந்து வருகிறது என்பதால் மட்டும் அது ஒரிஜினல் ஆகிவிடாது. கிடங்கு பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து அனுப்புகிறது, அவ்வளவுதான்.

நட்சத்திரங்களை நம்பவே வேண்டாம். நாலரை நட்சத்திரம், ஆயிரக்கணக்கான மதிப்புரைகள் என்று இருக்கும் ஏர் ஃபில்டர் பக்கத்தில் கீழே இறங்கிப் படித்தால் "சீட் கவர் நிறம் சூப்பர்" என்று ஒருவர் எழுதியிருப்பார். பழைய பொருளின் பக்கத்திலேயே புதுப் பொருளை ஏற்றி, மதிப்பெண்ணை அப்படியே சுருட்டிக்கொள்ளும் பழைய வித்தை. நான் ஒரு நட்சத்திர மதிப்புரைகளை மட்டும், அதுவும் படம் போட்டவற்றை மட்டும் படிப்பேன். பாகத்தின் உண்மை முகம் அங்கேதான் தெரியும்.

சட்டம் இங்கே ஓரளவு உங்கள் பக்கம். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் பெயரும் முகவரியும், பொருள் தயாரான நாடும் பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். ஆனால் பாகத்தை வண்டியில் மாட்டிய பிறகு திருப்பி அனுப்ப முடியாது என்று பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பழைய பாகத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஸ்பேர்ஸ் தளங்கள்: பூட்மோ போன்றவை

இங்கே தேடுவதே வேறு மாதிரி. "ஸ்விஃப்ட் ஸ்பார்க் பிளக்" என்று தேடாமல் கம்பெனியின் பாக எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். பாக எண் தெரியாவிட்டால் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொடுத்து மாருதி ஸ்பேர்ஸ் கவுண்டரில் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். ஒரே வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு சத்தமில்லாமல் பாகம் மாறியிருக்கும். அந்த எண் கையில் இருந்தால் "எல்லா ஸ்விஃப்டுக்கும் செட் ஆகும்" என்ற பேச்சுக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை.

இந்தத் தளங்களின் இன்னொரு லாபம், ஒரே பாகத்துக்குக் கார் கம்பெனி பெட்டியில் வருவது, வேறு பாகத் தயாரிப்பாளர்களின் சொந்தப் பெட்டியில் வருவது என எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். பிரேக் பேட் என்றால் பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்ற சென்னைக் கம்பெனிகளே சொந்தப் பெயரில் வெளிச்சந்தையில் விற்கின்றன. மலிவு என்பது இப்படி வந்தால் பயமில்லை. குறையும் இருக்கிறது. இவையும் பல விநியோகஸ்தர்களின் சரக்கைத்தான் காட்டுகின்றன, ஆகவே இருப்பு இல்லை என்று ஆர்டர் ரத்தாகலாம், வந்து சேரவும் நாளாகலாம். பெர்ஃபாமன்ஸ் அயிட்டங்கள் குறைவு. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கடைகள்

நேர்மையாகச் சொன்னால், ஆன்லைன் கடைகளில் விஷயம் தெரிந்த ஆட்கள் அதிகம் இருப்பது இங்கேதான். உங்கள் வண்டியில் எந்த ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) கொண்ட வீல் ஃபெண்டரில் உரசும் என்று ஒரு பெரிய தளம் சொல்லாது, இவர் சொல்வார். அதே ஆள்தான் "ஃபர்ஸ்ட் காப்பி, ஒரிஜினல் மாதிரியே இருக்கும்" என்றும் சொல்வார். ஒரிஜினல் மாதிரி என்றால் ஒரிஜினல் இல்லை.

முன்பணத்தை யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் எந்தப் பெயரில், எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது என்பது இலவசமாகவே தெரியும். பில்லில் பிராண்டும் பாக எண்ணும் எழுதித் தருவீர்களா என்று அடுத்துக் கேளுங்கள். போலி விற்பவர் "கார் ஆக்சஸரீஸ்" என்று மொட்டையாக எழுதத்தான் சம்மதிப்பார். பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் பல கணக்குகள் மாறிப் போயிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலேயே இந்தியாவில் முடக்கப்பட்டுவிட்டது. மற்ற தளங்களில் வாங்கினால் சுங்க வரி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்ந்து மலிவு மறைந்துபோகும், திருப்பி அனுப்பவும் வழியில்லை. இங்கே கிடைக்காத அபூர்வ வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. ஸ்விஃப்டுக்கு அந்தத் தலையெழுத்து எதற்கு?

இனி பாகங்களுக்கு வருவோம்

*ஸ்பார்க் பிளக்.* போலிகள் அதிகம் புழங்கும் பாகம். ஸ்பேர்ஸ் தளம்தான் என் தேர்வு. பெரிய சந்தையில் பாதி விலைக்கு வருவதைத் தொடவே மாட்டேன். பிளக் கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்து முனையைப் பாருங்கள். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸ் வகையில் நடு மின்முனை 0.6 மில்லிமீட்டர், டென்ஸோ இரிடியம் பவரில் 0.4 மில்லிமீட்டர்தான். அந்த ஊசி முனை அடியோடு சேரும் இடத்தில் லேசர் வெல்டு வளையம் சீராகத் தெரிய வேண்டும். தடித்த முனையைக் கூராக்கி விட்டதுபோல் இருந்தால் அது சாதாரண பிளக். அடுத்து மரையில் உள்ள வாஷரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒரிஜினலில் அது எளிதில் கழன்று வராது, போலியில் பல நேரம் கையோடு வந்துவிடும். மரை வழவழப்பாக உருட்டியதாக இருக்க வேண்டும், பிசிறு இருந்தால் வேண்டாம். வெப்ப எண்ணையும் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண்) கவனியுங்கள். என்ஜிகேயில் 6 என்பது டென்ஸோவில் 20க்குச் சமம். பாஷில் எண் ஏற ஏற பிளக் சூடான வகை, மற்ற இரண்டிலும் நேர் எதிர். போலி பிளக்கின் முனை சூடு தாங்காமல் உடைந்தால் விழுவது பிஸ்டன் தலையில்.

இன்னொன்று, இரிடியம் போட்டால் இழுவை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீண்ட நாள் உழைக்கும், அதுதான் அதன் வேலை.

*ஏர் ஃபில்டர்.* இதைப் பெரிய சந்தையில் வாங்கலாம், ஏனென்றால் ஏமாந்தால் பெரும்பாலும் பணம்தான் போகும். கே அண்ட் என் போன்ற எண்ணெய் தடவிய துணி ஃபில்டருக்கும் சாதாரணக் காகித ஃபில்டருக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். டர்போ இல்லாத இந்த எஞ்சினில் அந்த வித்தியாசத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைத்துப்போன ஃபில்டரையும் புதிய ஃபில்டரையும் வைத்துச் சோதித்தபோது, நவீன பெட்ரோல் கார்களில் மைலேஜ் மாறவில்லை. வேகமெடுப்பது மட்டும் கொஞ்சம் தேறியது. அடைத்த ஃபில்டரை மாற்றியதற்கே அவ்வளவுதான். இங்கே காகிதம்தான் வெற்றி. பானட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர் எஞ்சின் சூட்டில் காய்ந்த காற்றைத்தான் இழுக்கும், காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொள்வதற்கு அது ஒரு வழி.

*ஓபிடி சிப்.* டாஷ்போர்டுக்குக் கீழே, கோளாறைப் படிக்கப் பயன்படும் ஓபிடி சாக்கெட்டில் சொருகினால் பவர் ஏறும் என்று சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது, மினுக்கும் சில எல்இடிகளும் காரின் கணினியோடு எதுவும் பேசாத ஒரு மலிவு சில்லும். எந்தக் கடையிலும் வேண்டாம்.

*அலாய் வீல்.* ஆன்லைனில் பாருங்கள், நேரில் வாங்குங்கள். ஸ்விஃப்டுக்கு நாலு போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், நடுத் துளை 54.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை வீல்களில் நடுத் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். ஹூண்டாய் ஐ20யின் வீலுக்கும் இதே வட்டம், இதே துளை. அதனால் "ஐ20 வீல் அப்படியே உட்காரும்" என்பார்கள். வீல் உட்காரும், நட்டு உட்காராது. சுசுகியின் போல்ட் 12 மில்லிமீட்டரில் 1.25 பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்), ஹூண்டாயில் 1.5. வீலோடு வந்த நட்டை ஏர் கன் வைத்து இறுக்கினால் இரண்டு சுற்று ஏறி மரை போய்விடும், இறுகியதுபோலவே தோன்றும். முதலில் கையால் சுற்றுங்கள், கடைசி வரை தடையில்லாமல் போக வேண்டும். சென்னையில் இருந்தால் வண்டி பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலையை முடிவு செய்யுங்கள். பழைய வீல் என்றால் பேலன்சிங் மெஷினில் சுழலவிட்டு, ஆட்டம் இல்லை என்று பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

*பிரேக் பேட்.* ஷோரூம் கவுண்டர் அல்லது ஸ்பேர்ஸ் தளம், மூன்றாவது வழி கிடையாது. பேடின் முதுகிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், முதல் எழுத்து குளிர்ந்த நிலை உராய்வு, இரண்டாவது சூட்டில் உராய்வு. இரண்டு எஃப் என்றால் இரண்டு நிலையிலும் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை. முதல் எழுத்து எஃப், இரண்டாவது ஈ என்றால் கொடைக்கானல் இறக்கத்தில் பிடி குறையும் என்று அர்த்தம். எழுத்தே இல்லாத "ரேசிங் பேட்" எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

*சைலன்சர்.* கடை ஒப்பீட்டுக்கே இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். விபத்து இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் இப்படிச் சொல்லாமல் செய்த மாற்றங்களைத்தான்.

*முன்விளக்கு.* எச்4 பல்பு (உயர் ஒளி, தாழ் ஒளி இரண்டையும் தருவது) 60/55 வாட். 100/90 வாட் பல்பை ஆன்லைனில் வாங்கிப் பழைய ஒயரிலேயே மாட்டினால் ஹோல்டர் உருகும். எதிரே வருபவருக்குக் கண் கூசும், சட்டமும் ஒத்துக்கொள்ளாது. அதே 60/55 வாட்டில் நல்ல பிராண்டு பல்பும், ரிலே வைத்த ஒயரிங் செட்டும் போதும். பல்பைப் பெரிய சந்தையில் வாங்கலாம், ஒயரிங்கைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இருபதாயிரத்தில் பெரும்பகுதி மீதம் இருக்கும். அதை டயருக்குப் போடுவேன். வளைவிலும் பிரேக்கிலும் மழையிலும் வண்டி மாறியது தெரிவது டயரில்தான். உங்கள் வண்டியின் டயர் அளவுக்கு (உயர் வகை ஸ்விஃப்டுகளில் 185/65 ஆர்15) ஆன்லைன் விலையை எடுத்துக்கொண்டு உள்ளூர் டயர் கடைக்குப் போங்கள். பொருத்துக்கூலி, பேலன்சிங் எல்லாம் கூட்டினால் வித்தியாசம் குறைந்துவிடும், பேரமும் பேசலாம். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால் இங்கே ஆபத்து போலி டயரைவிடப் பழைய சரக்கு. ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்துவிட்டு, பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாலு டயரிலும் அது ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ரிம்மில் ஏற்றிய பிறகு அந்த எண் உள்பக்கம் போய்விடலாம் என்பதால், டயர் தரையில் கிடக்கும்போதே பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.