மில் மோட்டர் போட்டால் அறுகிற டேட்டாபேஸ்

அக்கரைப்பற்றில் மில் நடத்தும் மச்சான் போன கிழமை கேட்டார்: "உங்கட மில்லில ஓடுற அந்த எஸ்கியூஎல் சேர்வர் எப்பிடி? நானும் போடவா?" ஃபோனில் சொல்லி முடியவில்லை. எழுதுகிறேன்.

எஸ்கியூஎல் சேர்வர் என்பது கணக்குகளைச் சேமித்து வைக்கும் மைக்ரோசொஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள். சம்மாந்துறையில் எங்கள் அரிசி மில்லில் அதன் 2019 எக்ஸ்பிரஸ் பதிப்பு ஓடுகிறது. இலவசம். ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. நெல் கொள்வனவு, தராசு, அரிசி விற்பனை எல்லாம் சேர்ந்தும் எங்களுக்குப் பாதி கூட வரவில்லை. குறித்த நேரத்துக்கு பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் இதில் இல்லை. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரை வைத்து இரவில் எடுத்துக்கொள்கிறேன்.

என் நிம்மதியைக் கெடுத்தது வேறு. போன பெரும்போக அறுவடையில் வாசலில் லொறி வரிசை. தராசுக் கொம்பியூட்டரில் சிவப்புப் பெட்டி: "டேட்டாபேஸ் எரர்". பொடியன் ஓடிவருவான், "காக்கா, திரும்பவும் தொங்கிட்டு." மூட்டையோடு விடியமுதல் வந்த வயசாளி ஒருவர் கேட்டார், "என்ன மனே, இன்னும் எவ்வளவு நேரம்?" அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் டேட்டாபேஸைத்தான் ஏசினேன். இரண்டு தரம் அழித்துத் திரும்பப் போட்டேன். ரேம் வாங்கினேன். காசு போனதுதான் மிச்சம்.

ஒரு இரவு, சேர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் எரர் லாக்கைத் திறந்து அந்த நேரங்களைத் தேடினேன். ஒன்றுமே இல்லை. அதுதான் துப்பு. டிஸ்க் பழுதென்றால் 823 அல்லது 824 என்ற பிழை எண்ணை எழுதியிருக்கும். சேர்வர் விழவேயில்லை, அதற்குப் போகிற பாதைதான் அறுந்திருக்கிறது. அடுத்த நாள் தராசுக் கொம்பியூட்டரில், சேர்வர் பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளையை நிற்காமல் ஓடவிட்டு, கையில் கொப்பியோடு இருந்தேன். உள்ளே பெரிய மோட்டரைப் போட்டார்கள், லைட் ஒரு கணம் மங்கியது, நாலைந்து பிங் பதிலில்லாமல் போயின. சேர்வரும் கொம்பியூட்டர்களும் கரண்ட் தடுமாறினாலும் பற்றரியில் தாங்கும் யூபிஎஸ்ஸில் இருந்தன. நடுவில் எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டியான நெட்வேர்க் சுவிட்ச் மட்டும் சுவர் ப்ளக்கில். வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் அது அணைந்து எழும்பியிருக்கிறது.

அதற்குப் பிறகும் மற்றக் கவுண்டர் அரை நிமிடம் ஏன் காத்துக்கிடந்தது என்பதும் அன்றுதான் விளங்கியது. மறுபக்கம் செத்துவிட்டதென்று சேர்வருக்கு உடனே தெரியாது. அமைதியாகிப்போன இணைப்பை 30 விநாடிக்குப் பிறகுதான் தட்டிப் பார்க்கும். அதுவரை அந்தப் பில் பிடித்த பூட்டு, அதாவது அதே பதிவை மற்றவர்கள் தொடாமல் வைக்கும் தடை, திறக்காது. ஆனால் திறந்ததும் அரைகுறைப் பதிவு முழுக்க அழிந்துவிடும். அவ்வளவு தரம் அறுந்தும் பாதி எடையோடு ஒரு ரசீது கூட எங்களிடம் இல்லை. இதற்காக அந்த டேட்டாபேஸை நான் மனசாரப் பாராட்டுகிறேன்.

கோபம் எங்கள் பில் மென்பொருள் மீதுதான். சேர்வர் ஒவ்வொரு பிழைக்கும் தனி எண் தருகிறது. இந்த மென்பொருளோ அதை விழுங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்புப் பெட்டி. பாஸ்வேர்ட் பிழையா, வயர் கழன்றதா, டிஸ்க் செத்ததா, ஒரே வார்த்தை. அந்த எண் திரையில் வந்திருந்தால் எனக்கு ஒரு சீசன் மிஞ்சியிருக்கும்.

சுவிட்சையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். வலைக் கேபிளை மூன்று பேஸ் வயரிலிருந்து விலக்கி இழுத்தேன். அறுவது நின்றது.

இப்போது காலையில் லாக் பார்ப்பது பழக்கம். சிறுபோகம் முடியும் தறுவாயில் 825 என்ற பிழை எண்ணோடு ஒரு வரி. முதல் தரத்தில் வாசிக்க முடியாமல், திரும்ப முயன்று வாசித்தது என்று பொருள். திரையில் யாருக்கும் எதுவும் தெரியாது, பில் வழமைபோல ஓடும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் 197ஆம் வரி, அதாவது வாசிக்கத் தடுமாறும் செக்டர்களின் (டிஸ்கின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை, கூடியிருந்தது. அன்றே பேக்கப் எடுத்து, டிஸ்க் மாற்றி, டேட்டாபேஸ் முழுதும் சரியா என்று சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்டினேன். பிழை ஒன்றுமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், மச்சான், இந்த அறுவடைக்கு முதல் போடாதீர்கள். நல்ல சாமான்தான். ஆனால் அந்த வயசாளியின் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. உங்கள் வாசலில் அதை யாரும் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் சுவிட்ச் எந்த ப்ளக்கில் இருக்கிறதென்று அதற்குள் பார்த்துவையுங்கள்.