கண்டி பழம்பொருள் கடையில் ஒரு தியேட்டர் நர்ஸ்

நுவரெலியா மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 29 வருடம் ஒப்பரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் நான். "பெரியம்மா, கண்டியில ஒரு கடையில பழைய ஒப்பரேஷன் சாமானெல்லாம் வச்சிருக்காங்க" என்று தங்கச்சி மகன் சொன்னதும் மறுநாளே பஸ் ஏறிவிட்டோம்.

முன் அறையில் பாக்குவெட்டி, சுண்ணாம்புச் செப்பு. கண்டியில் எங்கும் பார்ப்பதுதான். நேரே பின் அறைக்குப் போங்கள்.

முதலில் எடுத்தது கால் அறுக்கும் ரம்பம். கருங்காலிப் பிடியில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான கீறல். அழகுக்கு என்றுதான் நினைத்தேன். இறுக்கிப் பிடித்ததும் புரிந்தது, ரத்தத்தில் கை வழுக்காமல் இருக்கத்தான் அது. ஈதர் கொடுத்து மயக்கி அறுக்கும் முறை பரவியது 1846க்கு அப்புறம். அதற்கு முன்னால் வேகமாக அறுத்து முடிப்பதுதான் நோயாளிக்குக் காட்டிய இரக்கம்.

பக்கத்தில், வைத்தியமாக நோயாளியின் ரத்தம் இறக்கும் பித்தளைப் பெட்டி. விசையைத் தட்டினால் 12 பிளேடு ஒன்றாகப் பாயும். மேலே பூங்கொடி செதுக்கியிருக்கிறது. இது பிடிமானத்துக்கு இல்லை. வைத்தியரின் அந்தஸ்துக்கு என்று எனக்குப் பட்டது. கொடியின் பள்ளத்தில் விரல் வைத்தபோது உடம்பு கூசியது. அழுக்கு தங்குகிற இடம் அது. 1867இல் பிரிட்டிஷ் சத்திரசிகிச்சை வைத்தியர் லிஸ்டர், கிருமி கொல்லும் காபோலிக் அமில முறையை எழுதினார். பிறகு கொதிநீரும் நீராவியும் வந்தன. அந்தச் சூட்டுக்கு மரப்பிடி தாங்காது. செதுக்கல் போய் வழவழப்பான உலோகம் வந்தது அப்படித்தான்.

ஒரு பெட்டி மூடியில் சிறகு வைத்த கோல், இரண்டு பாம்பு. 'வைத்தியக் கடவுளின் கோல்' என்று அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். தவறு. அது கிரேக்கக் கடவுள்களின் தூதன் ஹெர்மிஸின் கோல். வைத்தியக் கடவுள் அஸ்க்லெபியஸின் கோலில் ஒரே பாம்பு, சிறகு கிடையாது. அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு 1902இல் இரட்டைப் பாம்பை எடுத்துக்கொண்ட பிறகு குழப்பம் இன்னும் பரவியது. முதலாளியிடம் சொன்னேன், பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டார், நல்ல மனிதர்.

என்னை நெடுநேரம் நிறுத்தியது, நோயாளியின் ரத்தத்தை உறிஞ்ச விடும் அட்டைப் பூச்சிகளை வைத்திருந்த ஜாடி. வெள்ளைப் பீங்கான், தங்க எழுத்து, மூடியில் மூச்சுத் துளைகள். அது தண்ணீர் அட்டை, மலையில் நம்மைக் கடிப்பது தரை அட்டை. இருந்தாலும், தேயிலைக் கொழுந்து பறித்து வந்து தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து காலில் சவர்க்காரம் தேய்த்து அட்டை பிடுங்கிய அம்மாதான் கண் முன் வந்தாள்.

ஒரு குறை: கூரான கத்திகள் கண்ணாடி மூடாமல் மேசையில் கிடக்கின்றன. சிறுபிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் கடை பூட்டு.