ஸ்பைடர் வாங்கப் போகிறவர்களுக்கு: ‘கியர் தானாக மாறும்’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பிக் காசு கட்டாதீர்கள்

மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழைய வண்டிக் கடையில் வாங்க யோசிப்பவர்கள், அதிலும் கையிலோ காலிலோ பழைய காயம் உள்ளவர்கள், காசு கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

தொழிற்சாலை வேலையில் என் இடது கைப் பெருவிரல் இயந்திரத்தில் அகப்பட்டது. சத்திரசிகிச்சை செய்தும் பழைய பலம் வரவில்லை. போத்தல் மூடி திறக்கவே கஷ்டம். ஊரில் சின்ன வயதிலேயே மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகியவன், இங்கே வந்தும் மோட்டார் சைக்கிளுக்கான எம் லைசென்ஸ் எடுத்து ஓடியவன். கிளட்ச் பிடிக்க முடியாமல் போனதும் இருசக்கர வண்டியை விற்றேன். ஓட வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. அதனால்தான் கான்-ஆம் ஸ்பைடர் பக்கம் மனம் போனது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. கியூபெக் மாகாணத்து பிஆர்பி நிறுவனம் 2007-ல் அறிமுகம் செய்த வண்டி. ஒன்ராறியோ வீதிகளில் கோடை வந்தால் நிறையக் காணலாம்.

நான் பார்க்கப் போனது 2014 மொடல் ஆர்டி, ஸ்பைடரில் தூரப் பயணத்துக்கான சொகுசு வகை. அந்த வருடம்தான் ஆர்டிக்கு மூன்று சிலிண்டர் 1330 சிசி ரோட்டக்ஸ் எஞ்சின் வந்தது. 115 குதிரைவலு, ஆறு கியர், அதோடு ரிவேர்ஸ். இதில் இரண்டு வகை. எஸ்எம்6 என்பது சாதாரண மோட்டார் சைக்கிள் போல இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர். எஸ்இ6 என்பதில் கிளட்ச் பிடியும் இல்லை, காலால் மிதிக்கும் கியரும் இல்லை. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எஸ்இ6-க்குத்தான் விலை கூட.

விற்பனையாளர் எங்கடை ஆள். தமிழில் பேசினோம். என் பெருவிரலை நீட்டிக் காட்டி, இந்தக் கைக்கு வேலை இல்லாத வண்டிதான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். “அண்ணை, இதில நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. கியர் ஏறுறதும் இறங்குறதும் எல்லாம் அதுவே பாத்துக்கொள்ளும். இடது கை சும்மா பிடிச்சுக்கொண்டு இருந்தாக் காணும்” என்றார். கைப்பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த சின்னத் துடுப்பு என்னவென்று கேட்டேன். “அது விரும்பினாப் பாவிக்கலாம், இல்லாட்டி விடலாம்” என்றார். ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். மார்ச் மாதம், வீதியில் உப்பு, இன்சூரன்ஸ் விடாது என்று மறுத்துவிட்டார். பில்லிலும் ‘ஓட்டோமற்றிக்’ என்றே எழுதிக் கொடுத்தார்.

இப்போது உண்மை என்னவென்று சொல்கிறேன். எஸ்இ6 வண்டி தானாகக் கியர் ஏறாது. முதல் கியரில் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் கத்துமே தவிர இரண்டாவதுக்குப் போகாது. ஒவ்வொரு கியர் ஏற்றவும் அந்தத் துடுப்பை இடது பெருவிரலால் முன்னுக்குத் தள்ள வேண்டும். இறக்க வேண்டுமானால் சுட்டுவிரலால் இழுக்கலாம், அல்லது விட்டுவிட்டால் வேகம் குறையக் குறைய வண்டியே இறக்கிக்கொள்ளும். தானாக நடப்பது அந்த இறக்கம் ஒன்றுதான். கிளட்சையும் அதுவே பிடித்து விடும், அது உண்மை. ஆனால் ஏற்றுகிற வேலை முழுவதும் பெருவிரலுக்கு.

அந்தத் தானியங்கி இறக்கமே என்னைப் போன்றவருக்கு நகரத்தில் பாதகம். எல்ஸ்மியர் வீதியில் போய்ப் பாருங்கள். சிவப்பு விளக்கில் நின்றவுடன் வண்டி முதல் கியருக்கு வந்துவிடும். பச்சை விழுந்ததும் பெருவிரலால் இரண்டு, மூன்று, நாலு. அடுத்த விளக்கு சிவப்பு. திரும்பவும் முதலில் இருந்து. மார்க்கம் றோட்டைத் தாண்டுவதற்குள் விரல் அடியில் இருந்து மணிக்கட்டு வரை குத்து எடுக்கத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்ற மனைவி உதவி செய்ய வேண்டி வந்தது. ஆரோக்கியமான கைக்கு இது ஒரு வேலையே இல்லை, அதையும் சொல்லவேண்டும். நெரிசலில் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடுவதை விட எவ்வளவோ சுகம். டொன் வாலி பார்க்வே நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் ஊர்ந்து போகிறவர்கள் எஸ்இ6-ஐப் புகழ்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குத் தேவையானது அது இல்லை என்பதும், அதைத் தெரிந்தே என் தலையில் கட்டினார் என்பதும்தான் என் கோபம்.

அதனால் வண்டி தேடும்போது உங்கள் உடம்பில் எது பழுதோ அதை வைத்துத் தெரிவு செய்யுங்கள். இடது கால் அல்லது முழங்கால் பிரச்சினையா, எஸ்இ6 நல்லது, ஏனென்றால் இடது காலுக்கு அதில் கியர் வேலை இல்லை. இடது கையில் பிடிப்பலம் குறைவு ஆனால் பெருவிரல் நன்றாக இருக்கிறதா, அதற்கும் எஸ்இ6 தான். பெருவிரலே பிரச்சினை என்றால் இரண்டுமே சரிவராது. 2019 மொடலாக வந்த ரைக்கர் என்ற சின்ன வண்டியைப் பாருங்கள். அதில்தான் சிவிடி என்ற, கியர் படிகளே இல்லாத தானியங்கி அமைப்பு இருக்கிறது, ஸ்கூட்டர் போல முறுக்கினால் போகும், ஏற்றவும் இறக்கவும் எதுவும் இல்லை. ரைக்கர் ஒன்றும் அதே கடையில் நின்றது! அதைப் பற்றிக் கேட்டபோது “ரெண்டும் ஒண்டுதான் அண்ணை, இது பெரிசு, சொகுசு” என்று ஸ்பைடர் பக்கமே இழுத்தார். வலது பாதத்தில் பிரச்சினை உள்ளவர்கள் இன்னும் கவனம். இந்த வண்டிகள் எல்லாவற்றிலும் மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது காலில் ஒரே பிரேக். கைப்பிடியில் பிரேக் கிடையாது.

எஸ்எம்6-ஐ அந்த விற்பனையாளர் பழைய சாமான் போலப் பேசினார். அது பொய். கையும் காலும் நலமாக இருந்து, கிளட்ச் பழக்கம் உள்ளவருக்கு அது அருமையான வண்டி. மேட்டில் நின்று மெதுவாக எடுக்கும்போதும், நெருக்கமான இடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போதும் கிளட்ச் உங்கள் கையில் இருப்பது பெரிய நிம்மதி. எஞ்சினை நிறுத்திக் கியரில் விட்டால் உருளாது. 2020-ல் ஆர்டி புது வடிவத்தில் வந்தபோது அந்த வகையையே எடுத்துவிட்டார்கள், ஆகவே ஆர்டியில் கிளட்ச் வேண்டுமானால் பழைய வண்டிதான்.

உருளுவது என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும், இது பாதுகாப்பு விஷயம். எஸ்இ6-ல் எஞ்சின் நின்றால் கிளட்ச் விட்டுவிடும். கியரில் விட்டு நிறுத்தினாலும் சக்கரம் சுதந்திரமாக உருளும். பார்க்கிங் பிரேக் போட்டே ஆக வேண்டும். இதை அந்தக் கடையில் ஒருவரும் சொல்லவில்லை. ட்ரெய்லரில் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சரிவில் இறக்கிய பையனும் கியரில் விட்டுவிட்டுப் போய்விட்டான். 459 கிலோ வண்டி மெல்ல மெல்லப் பின்னுக்கு வீதியை நோக்கி நகர்ந்தது. மகன் ஓடிப்போய் ஏறி மிதித்ததால் தப்பியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த நடைபாதையில்தான் சைக்கிள் ஓடுகிறவர்கள்.

அப்புறம் சேர்விஸ். பில்லில் ‘முழு சேர்விஸ் செய்யப்பட்டது’ என்று எழுதி அதற்கும் காசு எடுத்திருந்தார்கள். சூடான பிறகு இரண்டில் இருந்து மூன்றுக்குப் போகும்போது வண்டி யோசித்து யோசித்து, பிறகு தூக்கிப் போடும். ஒஷாவாவில் இந்த வண்டிகளையே பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். எஸ்இ வகையில் எஞ்சின் ஒயில் ஃபில்டரோடு இன்னொரு ஃபில்டரும் உண்டு. கியரையும் கிளட்சையும் இயக்குவது ஒயில் அழுத்தம், அந்த ஒயிலை வடிக்கிற ஃபில்டர் அது. எஸ்எம் வகையில் இது கிடையாது. அவர் முதலாவதைக் கழற்றினார், புதிது, ஆரஞ்சு நிறம் மங்காமல் இருந்தது. இரண்டாவதைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார். கறுத்து, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, விரலால் பிரித்தபோது மடிப்புக்குள் மினுமினுவென்று பொடி. அது ஒருநாளும் மாற்றப்படவில்லை என்றார். ஒயில் அளவும் கூட. இந்த எஞ்சினில் சூடாக்கித்தான் ஒயில் பார்க்க வேண்டும். குளிரில் பார்த்தால் குறைவாகக் காட்டும், தெரியாதவர்கள் மேலே ஊற்றிவிடுவார்கள். கார் மாதிரி நினைத்து வேலை செய்திருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஃபில்டர் மாற்றியதும் கியர் சீராக விழுந்தது. துணியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்தேன். அதுதான் பின்னால் உதவியது.

ஒன்ராறியோவில் வண்டி விற்பனையாளர்களைக் கண்காணிப்பது ஓம்விக். மோட்டார் சைக்கிள் விற்பவர்களும் அதன் கீழ்தான். நம் ஆட்கள் பலர் நினைப்பது போல, கடையில் வாங்கிய வண்டியைச் சில நாட்களுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை இங்கே இல்லை. கையெழுத்து வைத்தால் வைத்ததுதான். சேஃப்டி சான்றிதழ் இருக்கிறதே என்றும் ஆறுதல் படாதீர்கள். அது அன்றைய தேதியில் வீதியில் ஓடத் தகுந்ததா என்று மட்டும் பார்ப்பது, அந்த இரண்டாவது ஃபில்டரை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் விளம்பரம் செய்த விலைக்கு மேல் எச்எஸ்ரி வரியும் லைசென்ஸ் கட்டணமும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்பது 2010-ல் இருந்து சட்டம். என் பில்லில் ‘நிர்வாகக் கட்டணம்’ என்று ஒன்று தனியாக இருந்தது. விளம்பரத்தின் படம், பில், மெக்கானிக்கின் எழுத்து, ஃபில்டர் படம் எல்லாவற்றையும் சேர்த்து முறைப்பாடு அனுப்பினேன். நிர்வாகக் கட்டணமும், ஒஷாவா செலவும் திரும்பி வந்தன. வண்டியைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். ‘ஓட்டோமற்றிக்’ என்று எழுதியது எழுத்துப் பிழையாம்.

கடைக்குப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள். விற்பனையாளரையே வண்டியில் ஏற்றி, எஞ்சினைப் போட்டு, கியர் ஏற்றுவது எந்த விரலால் என்று காட்டச் சொல்லுங்கள். கியர் தானாக ஏறுமா என்ற கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். எஸ்இ வண்டி என்றால் இரண்டு ஃபில்டரும் மாற்றியதற்கு, பாகத்தின் இலக்கத்தோடு பில் கேளுங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் முற்பணம் கட்டாதீர்கள், உப்பு கழுவிப் போகும் வரை காத்திருக்கலாம், வண்டி எங்கும் போய்விடாது.

என் ஸ்பைடர் இப்போது கராஜில் நிற்கிறது. விற்பனைக்குப் போட்டிருக்கிறேன், பெருவிரல் வேலை பற்றி முதல் வரியிலேயே எழுதி. ஸ்காபரோ, ஏஜாக்ஸ், மார்க்கம் பக்கம் யாராவது பழைய ஸ்பைடரோ ரைக்கரோ பார்க்கப் போவதானால் கீழே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு ஓய்வு, கூட வந்து பார்க்கிறேன்.