மொமோட்டாவா ஆக்சல்சனா?

ரெண்டு பேருமே பேட்மிண்டன் ஆண்கள் ஒற்றையர்ல உலக நம்பர் 1 சீட்ல ரொம்ப நாள் உக்காந்தவங்க, ஆனா ஆட்டம் சுத்தமா வேற வேற. டென்மார்க் விக்டர் ஆக்சல்சன் 1.94 மீட்டர் உயரம், பின்னாடி போய் ஒரு ஸ்மாஷ் (மேலேர்ந்து ஓங்கி அடிக்கற அடி) விட்டார்னா ஷட்டில் செங்குத்தா இறங்கும், எதிராளி குனியறதுக்குள்ள பாயிண்ட் போயிடும். ஜப்பான் கென்டோ மொமோட்டா இடது கைக்காரர், பவர்லாம் பெருசா கிடையாது, நெட் கிட்ட அவர் தொடற தொடல் இருக்கே, அதுலயே பாதி பேர் காலி. எதிராளியா தப்பு பண்ற வரைக்கும் சலிக்காம திருப்பி அனுப்பிட்டே இருப்பார், பாக்கற நமக்கே மூச்சு வாங்கும்!

2019ல மட்டும் மொமோட்டா 11 பட்டம். 2020 ஜனவரில மலேசியா மாஸ்டர்ஸ் ஃபைனல்ல ஆக்சல்சனையே நேர் செட்ல தோக்கடிச்சார், மறுநாள் காலைல ஏர்போர்ட் போற வழில விபத்து, வேன் டிரைவர் இறந்துட்டார், இவருக்கு கண்கிட்ட எலும்பு முறிவு. அப்புறம் பழைய மொமோட்டா வரவே இல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ல க்ரூப் ஸ்டேஜ்லயே அவுட், அதே டோக்கியோல ஆக்சல்சன் ஒரு செட் கூட விடாம தங்கம், 2024 பாரிஸ்லயும் தங்கம்.

மெடல் கணக்கு பாத்தா ஆக்சல்சன்தான், அதுல சண்டையே வேணாம். ஆனா ரெண்டு பேரும் ஃபுல் ஃபிட்டா இருந்தப்போ மோதினதுல பெரும்பாலும் ஜெயிச்சது மொமோட்டா, அதனால என் ஓட்டு 2019 மொமோட்டாவுக்கு.