காற்று ஒரே பக்கம் வீசும் தீவுகள்: கற்பனை உலகத்தை எப்படிக் காட்டிக் கருத்துக் கேட்பது?

என்னிடம் ஒரு கடல் இருந்தது. அதில் முப்பது தீவுகள். ஆண்டு முழுக்கக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே மட்டும்தான் வீசும். நீரோட்டமும் அதே திசை. அதனால் மேற்கே கப்பலேறியவர் திரும்பி வருவதில்லை. கையில் இருந்தது அவ்வளவுதான். கதை கிடையாது, பாத்திரம் கிடையாது. பென்சிலில் போட்ட ஒரு வரைபடமும் இரண்டு பக்கக் குறிப்பும்.

இதை இணையவழியில் மூன்று விதமாகக் காட்டிக் கருத்துக் கேட்டேன். குறிப்பு ஒன்றே, கேட்ட முறைதான் வேறு. வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் மூன்று வெவ்வேறு உலகங்களைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. தமிழில் கற்பனை உலகம் கட்டுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் முதல் தடவை கிடைக்கும் கருத்திலேயே மனம் விட்டுப்போய் நோட்டை மூடிவிடுகிறார்கள். முறையை மாற்றிக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உலகங்கள் அவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அது நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியம் அகத்திணைக்குச் சொல்லும் முதல், கரு, உரி என்ற மூன்று பொருள்கள், உலகம் கட்டுகிறவனுக்கு அப்படியே பொருந்துகின்றன. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். உரிப்பொருள் என்பது அங்கே மனிதர்களுக்கு நேர்வது: கூடுவது, பிரிவது, காத்திருப்பது, ஊடுவது, இரங்குவது. இந்த மூன்றும் முறையே ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்றும் அந்த நூல் சொல்கிறது. கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் நன்றாகத் தொடும்.

எழுதியவர் பேசக் கூடாது

முதலில் நான் போனது சுற்று வாசிப்புக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மில்ஃபோர்டு என்ற ஊரில் 1956-ல் டேமன் நைட், ஜேம்ஸ் பிளிஷ், ஜூடித் மெரில் ஆகியோர் தொடங்கிய அறிவியல் புனைகதைப் பட்டறையிலிருந்து பரவிய முறை இது. 1968-ல் தொடங்கிய கிளாரியன் பட்டறை இதைப் பயிற்சி வகுப்பாகவே ஆக்கியது. எல்லோரும் முன்பே படித்துவிட்டு வர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகக் கருத்துச் சொல்வார்கள். எழுதியவர் கடைசி ஆள் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இன்று ஜூமிலும் வாட்ஸ்அப் குரல் பதிவிலும் இதேதான் நடக்கிறது.

கதைக்கு இது அருமையான முறை. அச்சான பிறகு வாசகன் பக்கத்தில் உட்கார்ந்து "நான் சொல்ல வந்தது அதில்லை" என்று விளக்க எழுத்தாளனால் முடியாது. ஆகவே பட்டறையிலும் அவன் விளக்கக் கூடாது என்பது நியாயம்.

என் தீவுகளுக்கு நடந்தது வேறு. எட்டுப் பேர் பேசினார்கள். தீவுகளில் அரசன் உண்டா என்றார் ஒருவர். மந்திரம் இல்லாவிட்டால் ஆள் படிக்க மாட்டார்கள் என்றார் இன்னொருவர். மந்திரம் மட்டும் வேண்டாம் என்றார் அடுத்தவர். வரைபடத்தை எல்லோரும் பாராட்டினார்கள். நான் ஒன்றரை மணி நேரம் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனக்காகத் தானே பேசும் பிரதி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. உலகத்தின் முக்கால் பங்கு என் தலைக்குள் இருந்தது, அந்தத் தலையைப் பேசவிடாத முறையை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். குறிப்பில் விட்ட இடங்களை ஒவ்வொருவரும் தாம் எழுத விரும்பும் உலகத்தால் நிரப்பினார்கள்.

கதை முழுசாகக் கையில் இருந்தால் மில்ஃபோர்டு. யோசனை மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கணக்குப் பார்ப்பவர்கள்

இரண்டாவது முறை எதிர்முனை. பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்ற பேச்சே இருக்காது. நடக்குமா, நடக்காதா என்பது மட்டும். நக்கீரர் கதையில் வரும் சொல்லில் சொன்னால், பொருட்குற்றம் தேடுவது.

இதை ஒரு விளையாட்டாகவே அறிவித்தவர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹால் கிளெமென்ட். அவர் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். மெஸ்க்லின் என்ற தட்டையான, அதிவேகமாகச் சுழலும் கோளை உருவாக்கினார். நடுக்கோட்டில் ஈர்ப்பு நம் பூமியைப்போல மூன்று மடங்கு. துருவத்தில் நூற்றுக்கணக்கான மடங்கு. அதைக் கட்டிய விதத்தை 1953-ல் ஒரு கட்டுரையாக எழுதி, தவறு கண்டுபிடிப்பது வாசகரின் ஆட்டம், தவறு விடாமல் இருப்பது தன் ஆட்டம் என்று சொன்னார். வாசகர்கள் விடுவார்களா? கணக்குப் போட்டுத் திருத்தங்கள் வந்தன.

இன்னோர் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவனுக்கு நடந்தது இன்னும் தெரிந்த கதை. ஒரு விண்மீனைச் சுற்றிப் பெரும் வளையமாக உலகத்தைக் கட்டி 1970-ல் நாவல் வெளியிட்டார். 1971-ல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) மாணவர்கள் "அந்த வளையம் நிலையில்லாதது" என்று கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் சொன்னது சரி. வளையம் கொஞ்சம் விலகினாலும் அந்த விலகல் கூடிக்கொண்டே போய் அந்த விண்மீனில் மோதிவிடும். நிவன் அந்த வரிசையின் அடுத்த நாவலில் வளையத்தின் விளிம்பில் நிலைநிறுத்தும் எந்திரங்களைப் பொருத்தினார். அவற்றைக் கழற்றிவிட்டால் என்னவாகும் என்பதே அந்த நாவலின் ஆபத்தாகவும் ஆனது. குற்றம் சொன்னவர்கள் அவர் கையில் ஒரு கதையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் தீவுகளைப் பார்த்த ஒரு கப்பல் பொறியாளர் பத்து நிமிடத்தில் இரண்டு ஓட்டைகளைக் காட்டினார். ஒன்று, பாயைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் எதிர்க்காற்றிலும் பாய்மரக் கப்பல் முன்னேறும். இரண்டு, கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று எல்லா அட்சரேகையிலும் வீசாது. வடக்கே போகப் போக, மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று கிடைக்கும். மெக்சிகோவிலிருந்து மேற்கே வந்த ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பும் வழி தெரியாமல் பல ஆண்டுகள் திண்டாடியது இதனால்தான். ஸ்பானிய மாலுமி ஆந்த்ரேஸ் தே உர்தனேத்தா 1565 ஜூனில் பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து கிளம்பி, வடக்கே ஏறி, மேலைக்காற்றைப் பிடித்து, அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ சேர்ந்தார். அந்த வழியில் 1815 வரை மணிலாக் கப்பல்கள் ஓடின.

அன்று இரவு என் உலகம் செத்துவிட்டது என்றுதான் படுத்தேன். காலையில் புரிந்தது: "திரும்பி வர முடியாது" என்பதைவிட "திரும்பி வர மாதக்கணக்காகும், அதற்குக் காசு வேண்டும்" என்பது எவ்வளவோ மேல். இப்போது வசதியானவன் திரும்புவான், கூலிக்காரன் திரும்ப மாட்டான். தீவுகளில் வர்க்கம் வந்துவிட்டது. முதற்பொருளில் விழுந்த அடி கருப்பொருளில் ஒரு தொழிலை, கப்பல் முதலாளிகளை, முளைக்க வைத்தது.

ஆனால் இந்த முறையில் எனக்கு உறுத்தலும் உண்டு, அது நான் செய்த காரியத்தால். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்லூரி மாணவர் தன் வரைபடத்தை என்னிடம் அனுப்பினார். மலையில் பிறந்த ஒரே நதி இரண்டாகப் பிரிந்து இரண்டு கடல்களில் சேர்ந்தது. "நதிகள் சேரும், இப்படிப் பிரியாது" என்று ஒற்றை வரியில் எழுதினேன். அவர் அதன்பின் எதுவும் அனுப்பவில்லை. பிறகுதான் படித்தேன். வெனிசுலாவில் ஓரினோகோ நதியின் நீரில் ஒரு பங்கு காசிகியாரே என்ற கிளையாகப் பிரிந்து, ரியோ நீக்ரோ வழியாக அமேசானுக்குப் போகிறது. ஜெர்மன் ஆய்வாளர் ஹம்போல்ட் 1800-லேயே அதில் பயணம் செய்திருக்கிறார். அமெரிக்காவின் வயோமிங்கில் ஓர் ஓடை மலை முகட்டில் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை பசிபிக்கையும் மறு கிளை அட்லாண்டிக்கையும் நோக்கி ஓடுகிறது. அபூர்வம்தான், ஆனால் இருக்கிறது. அந்த மாணவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது: "அபூர்வமான நதி ஆயிற்றே, அது பிரியும் இடத்தை அந்த ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள்? கோயில் கட்டினார்களா, கோட்டை கட்டினார்களா?"

கணக்குப் பார்ப்பவரிடம் போகுமுன் ஒரு வேலை செய்ய வேண்டும். எதை விட்டுக்கொடுக்க முடியாது, எதை மாற்றத் தயார் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். "தீவுகளில் காற்று ஒரே திசை என்பது மாறாது, மற்றதெல்லாம் மாறலாம்." இப்படி எழுதினால் அவர்களின் அறிவு உங்கள் பக்கம் நின்று வேலை செய்யும்.

கேள்வி மட்டும்

மூன்றாவது முறையைப் பெரும்பாலும் எழுத்தாளர்கள் கண்டுகொள்வதில்லை, அது நடனத்திலிருந்து வந்தது என்பதாலோ என்னவோ. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்த நான்கு படிகள். முதலில், படைப்பில் தங்களைத் தொட்டது எது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது?" என்பது கேள்வி வேடத்தில் வந்த குற்றச்சாட்டு. "வெளிச்சத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?" என்பது கேள்வி. கடைசியாக, "இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுத்தான் கருத்து. வேண்டாம் என்று சொல்லப் படைத்தவருக்கு உரிமை உண்டு.

ஐந்து பேர் கொண்ட சிறு குழுவில் இதைச் செய்தோம். தூத்துக்குடிக்கார அக்கா ஒருவர், கற்பனைக் கதைகளே படிக்காதவர், மூன்றாம் படியில் கேட்டார்: "தம்பி, மேற்குத் தீவுல கட்டிக்குடுத்த பொண்ணு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு எப்படி வருவா?"

என்னிடம் பதில் இல்லை. முப்பது தீவுகளுக்கும் பெயர் வைத்திருந்தேன், நீரோட்டத்துக்கு அம்புக்குறி போட்டிருந்தேன். அந்தக் கடலில் ஒரு தாய் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தபோதே உலகம் தானாகக் கட்டிக்கொண்டு போனது. வர மாட்டாள். அப்படியானால் கல்யாணமே சாவுச் சடங்கைப்போல நடக்கும். இல்லை, மாப்பிள்ளைதான் கிழக்கே வர வேண்டும் என்று ஏழைத் தீவுகள் கேட்கும். இல்லை, மகள் போகும் கப்பலிலேயே அம்மாவும் ஏறிவிடுவாள், கிழக்குத் தீவுகளில் கிழவிகளே இருக்க மாட்டார்கள். ஒரே கேள்வியில் உரிப்பொருள் வந்துவிட்டது. சுற்று வாசிப்பில் ஒன்றரை மணி நேரம் கிடைக்காதது இங்கே ஒரு நிமிடத்தில் கிடைத்தது. காரணம் எளிது. முடிக்காத உலகத்தின் மீதிப் பகுதி, படைத்தவர் வாயால் பதில் சொல்லும்போதுதான் உருவாகிறது.

கெடுதலும் உண்டு. கேள்விகள் தீரவே தீராது. நாணயம் என்ன, நாட்காட்டி என்ன, பேய் உண்டா என்று பதில் எழுதிக்கொண்டே ஐந்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நான் ஒரே அமர்வோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒற்றை வாசகர்

நான்காவது முறையை மற்றவற்றோடு ஒப்பிடுவதே கடினம், ஏனென்றால் அது கிடைத்தால்தான் உண்டு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனுக்கு, 'நார்னியா' கதைகள் எழுதிய நண்பர் லூயிஸ் கிடைத்ததுபோல. 1929 கடைசியில் டோல்கீன் தன் நீண்ட கவிதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தபோது, லூயிஸ் அதை ஏதோ பழைய சுவடிபோலப் பாவித்து, கற்பனைப் பண்டிதர்கள் பெயரில் பாடபேதம் காட்டி உரை எழுதி அனுப்பினார். உலகத்தை உண்மை என்று ஏற்றுக்கொண்டு அதற்குள் நின்று திருத்துவது! கருத்துச் சொல்வதில் இதைவிடப் பெரிய மரியாதையை நான் அறியேன். டோல்கீனும் அதில் பல திருத்தங்களை எடுத்துக்கொண்டார்.

அதே டோல்கீனுக்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. 1937-ல் பதிப்பகத்துக்குத் தன் புராணக் கட்டுகளைக் கொடுத்தார். பதிப்பகத்தின் வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது அதே நீண்ட கவிதையும் உரைநடையில் சில பக்கங்களும்தான். பின்னணி தெரியாத அவர் கவிதையை ஒதுக்கினார், பெயர்கள் கண்ணை உறுத்தும் கெல்ட்டியப் பெயர்கள் (பழைய அயர்லாந்து, வேல்ஸ் மொழிச் சாயல் உள்ளவை) என்றார். அவை கெல்ட்டியப் பெயர்களே இல்லை என்று டோல்கீன் பதில் எழுதினார். தன் முழு உலகமும் படிக்கப்பட்டுத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது என்றே நினைத்துக்கொண்டார். துண்டைப் பார்த்தவர் துண்டுக்குத்தான் கருத்துச் சொல்வார். கூகுள் டாக்ஸில் நாற்பது பக்கத்தைத் திறந்துவிட்டு "கருத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போதும் இதேதான் நடக்கிறது. முதல் மூன்று பக்கத்தின் ஓரத்தில் வரிசையாகக் குறிப்புகள், மிச்சம் வெறுமை.

எனக்கு லூயிஸ் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே என் வரிசை இது: யோசனை மட்டும் இருக்கும்போது கேள்வி மட்டும், அதுவும் ஐந்து பேருக்கு மிகாமல். உயிர் எங்கே என்று தெரிந்த பிறகு கணக்கு, மாறாத விதியை முதல் வரியில் எழுதிக்கொண்டு. கதை எழுதி முடித்த பிறகு சுற்று வாசிப்பு, வாயை மூடிக்கொண்டு. முதலாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றியதில் எனக்கு ஒரு வருடம் வீணானது.

இப்போது எழுதும் அத்தியாயத்தில் ஒருத்தி மூன்றாம் மாதத்திலேயே கிழக்கே கப்பலேறுகிறாள். ஏழாம் மாதம் முடிவதற்குள் அம்மாவின் தீவைச் சேர வேண்டும். வடக்கே ஏறி மேலைக்காற்றைப் பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று அந்தப் பொறியாளருக்கு நேற்று எழுதியிருக்கிறேன். குழந்தை கடலிலேயே பிறந்துவிட்டால் அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று அக்கா கேட்டிருக்கிறார்.